எந்த மாநிலத்துப் பிள்ளை?

பிழைப்பை நாடித் தமிழகத்தினின்று புறப்பட்டு, தில்லிக் கரோல்பாகிலும் பம்பாய் மாதுங்காவிலும் கல்கத்தா ஏரிச் சந்தைப் பகுதியிலும் ஜாம்ஷெட்பூரிலும் குடியமர்ந்த நம்மவர் இல்லங்களில் பெரும்பாலும் ஒரு தகரப் பெட்டி உண்டு. தாத்தாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், தந்தையின் சாதிச் சான்றிதழ், ஊரிலிருந்த வீட்டின் வரி ரசீது, பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள் ஆகியவை அதில் பழந்துணியில் சுற்றப்பட்டுக் கிடக்கும். ஆண்டின் மற்ற மாதங்களில் அப்பெட்டியை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய கோடையில் மட்டும் அது பரணிலிருந்து இறங்கிவிடும். பிள்ளை எத்தனை மதிப்பெண் பெற்றான் என்னும் கேள்விக்கு விடை எளிது. அவன் எந்த மாநிலத்துப் பிள்ளை என்னும் கேள்விக்கு விடை காணவே அப்பெட்டி இறங்குகிறது.

இக்கேள்வி எப்போது பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது என்பதை இவ்வுரையில் நாம் ஆராயப் புகுகிறோம்.

1854இல் வெளியான சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கையை அடியொற்றி, 1857ஆம் ஆண்டு கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக் கழகங்கள் தோன்றின. அவை மூன்றும் லண்டன் பல்கலைக் கழகத்தைப் பின்பற்றிப் பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் நிலையங்களாகவே இருந்தன. பாடம் நடத்தும் வேலை கல்லூரிகளைச் சார்ந்தது. வாயிலில் நின்று வடிகட்டியது பிரவேசப் பரீட்சை ஒன்றே. கல்கத்தாவின் முதற் பிரவேசப் பரீட்சைக்கு 244 பேர் வந்தனர் என்பர். சென்னையிலோ அத்தொகை ஐம்பதைக்கூட எட்டவில்லை. இடம் போதாது என்னும் பேச்சுக்கே அன்று இடமில்லை. வந்து எழுதுவாரைத் தேடிப் பிடிக்க வேண்டிய காலம் அது.

அக்காலத்துச் சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஆட்சி எல்லை வியப்பூட்டும் அளவுக்கு விரிந்தது. ஐதராபாத்தும் மைசூரும் திருவிதாங்கூரும் இலங்கையும் அதன் பரீட்சைகளையே நோக்கின. அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர். ஒருவர் பிற்காலத்தில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்துப் பெரும்புகழ் கொண்ட சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் விசுவநாத பிள்ளை. கடல் கடந்து வந்த அவ்விருவரிடம் பிறப்பிடச் சான்றிதழ் கேட்பாரில்லை. ஆங்கிலமும் கணிதமும் அறிவாயா என்பதே கேள்வி. (ஆங்கிலம் கற்கும் வாய்ப்பு எத்தனை குலங்களுக்கு, எத்தனை ஊர்களுக்கு அன்று இருந்தது என்பதையும் மறக்கலாகாது. வாயில் திறந்திருந்தது, அதுவரை வந்து சேரும் பாதைதான் பலருக்கு இல்லை.)

பிரவேசப் பரீட்சைக்குப் பின்னர் மெட்ரிகுலேஷன் என்னும் பெயர் நிலைத்தது. அதைத் தாண்டினாலும் எப்.ஏ. என்னும் இரண்டாம் வாயில் காத்திருந்தது. கணித மேதை இராமானுஜன் 1903இல் மெட்ரிகுலேஷன் தேறி, மறு ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் சம்பளம் பறிபோயிற்று. சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் மீண்டும் சேர்ந்தும், 1906இலும் 1907இலும் எப்.ஏ. பரீட்சையில் தவறினார். எல்லாப் பாடங்களிலும் தேறியாக வேண்டும் என்னும் விதிக்கு விலக்கு அன்று கிடையாது.

1911ஆம் ஆண்டு வாக்கில் சென்னை மாகாணம் மெட்ரிகுலேஷனுக்கு மாற்றாக எஸ்.எஸ்.எல்.சி. முறையைக் கைக்கொண்டது. தகரப் பெட்டியில் கிடக்கும் புத்தகம் அம்முறையின் நினைவுச் சின்னமே. பிறந்த தேதி, அங்க அடையாளம், பள்ளியில் பெற்ற மதிப்பெண், அரசுப் பரீட்சையில் பெற்ற மதிப்பெண் எல்லாம் ஒரே கட்டில் அடங்கிய அந்நூல், ஒரு மனிதரின் சாதகக் குறிப்புக்கு ஒப்பானது. பள்ளிப் படிப்பை முடித்தவர் எல்லாரும் கல்லூரிக்கு உரியவர் ஆகார். உரியவர் இன்னார் என்பது தனியே தீர்மானிக்கப்படும். படிப்பு முடிந்ததற்கும் அனுமதிக்கும் இடையே கோடு கிழிக்கும் வழக்கம் அன்றே வேரூன்றிவிட்டது.

மேற்படிப்பின் ஆண்டுக் கணக்கு மாறிய வரலாறு நீண்டது. அதைச் சுருங்கச் சொல்லிக் கடப்போம். இரண்டாண்டு இண்டர்மீடியேட் வகுப்பை நீக்க வேண்டும் என்று, சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு 1953இல் பரிந்துரைத்தது. 1956 முதல் சென்னையில் புகுமுக வகுப்பு வந்தது. பின்னர் 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் குழுவின் யோசனைப்படி நாடெங்கும் பத்து, இரண்டு, மூன்று என்னும் முறை பரவியது. தமிழ்நாட்டில் 1978இல் பதினோராம் வகுப்புத் தொடங்கி, 1980இல் முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை நடந்தது. இடையில் மாநிலம் மாறிய குடும்பங்களின் பாடுதான் சொல்லத் தரமன்று. ஒரு மாநிலத்தில் பதினோராண்டுப் பள்ளி, மற்றொன்றில் பத்தாண்டுப் பள்ளியும் ஓராண்டுப் புகுமுக வகுப்பும், இன்னொன்றில் இண்டர்மீடியேட் எனப் பலவகை வழங்கிய காலத்தில், தந்தைக்கு மாற்றல் உத்தரவு வந்தால் பிள்ளைக்கு ஓராண்டு வீணாகும். இரு கல்வி முறைகள் சமமானவை என்பதற்குச் சான்று, ஒரு பல்கலைக் கழகத்தினின்று மற்றொன்றுக்குப் பெயர்வதற்குச் சான்று என்று கடிதங்கள் அலைந்தன.

இனி நம் பொருளின் உயிர்நிலைக்கு வருவோம். குடியரசு பிறந்த 1950ஆம் ஆண்டில் சென்னை மாநில அரசு நடத்திய மருத்துவக் கல்லூரிகள் நான்கு. அவற்றில் இருந்த இடங்கள் 330. பொறியியற் கல்லூரிகளும் நான்கு, இடங்கள் 395. வகுப்புவாரி ஆணைப்படி, ஒவ்வொரு பதினான்கு இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் அடங்கிய பிரிவுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டது. இவ்வாணையை எதிர்த்துச் செண்பகம் துரைராஜன் என்னும் அம்மையார் மருத்துவக் கல்லூரி தொடர்பாகவும், சி. ஆர். சீனிவாசன் என்பவர் பொறியியற் கல்லூரி தொடர்பாகவும் தொடுத்த வழக்குகள் நாடறிந்தவை. அம்மையார் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை, விசாரித்து இடம் கிடைக்காதென அறிந்தே வழக்காட வந்தார் என்பதைத் தீர்ப்பும் குறிப்பிடுகிறது. 1951 ஏப்ரல் 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாதென்றது. அவ்வாண்டு ஜூன் மாதமே அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பதினைந்தாம் விதியில் நான்காம் உட்பிரிவு சேர்ந்தது. பிற்பட்டோருக்கான இட ஒதுக்கீடு அதன் மேல் நிற்கிறது.

இவையெல்லாம் பலரும் கேட்டறிந்தவை. அத்தீர்ப்பின் தொடக்கத்திலேயே உள்ள வேறொரு கணக்கை எடுத்துரைப்பவர் அரியர். அந்த 330 மருத்துவ இடங்களில் 17 இடங்கள் வெளி மாநிலத்திலிருந்து வரும் மாணாக்கருக்கென ஒதுக்கப்பட்டிருந்தன, பொறியியலில் 21. எஞ்சியவற்றில் 12 இடங்களை அரசு தன் விருப்பப்படி வழங்கும். மற்றவை மாவட்டத் தொகுதிகள் நான்குக்கிடையே பங்கிடப்படும். சாதியைப் போலவே ஊரும் ஒரு பங்கீட்டு அலகாக அன்றே இருந்தது என்பதை இக்கணக்கு காட்டுகிறது. சாதி பற்றிய வாதம் ஓங்கி ஒலித்தமையால் ஊர் பற்றிய செய்தி அடங்கிப் போயிற்று.

அது நெடுநாள் அடங்கியிருக்கவில்லை. மத்திய பாரதம் என்று அப்போது வழங்கிய மாநிலத்தில், இந்தூர் மருத்துவக் கல்லூரி வெளி மாநில மாணாக்கரிடம் மட்டும் தலைவரிக் கட்டணம் வாங்கியது. தில்லியிலிருந்து சென்று சேர்ந்த மாணாக்கர் ஒருவர் இதை எதிர்த்தார். பிறந்த இடத்தைக் காரணமாக்கிக் குடிமக்களிடையே வேற்றுமை காட்டலாகாது என்று அரசியலமைப்பின் பதினைந்தாம் விதி கூறுகிறதே என்பது அவர் தரப்பின் வாதம். 1955இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. பிறந்த இடம் வேறு, வசிக்கும் இடம் வேறு. விதி தடுப்பது முன்னதையே என்று அவர்கள் பகுத்தனர். நீதிபதி ஜகந்நாததாஸ் மட்டும் மாறுபட்டார். இந்த ஒரு சொற்பகுப்பே, பின்வந்த எழுபது ஆண்டுகளில் குடிபெயர்ந்தோர் பிள்ளைகளின் விதியைப் பெரிதும் வகுத்தது என்பது நம் கருத்து. மாநில அரசு தன் வரிப்பணத்தில் நடத்தும் கல்லூரியில் தன் மக்களுக்கு முதலிடம் தருவது நியாயமே. அதை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் தன் மக்கள் எவர் என்று ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு விதமாகச் சொன்னபோது, எந்த விளக்கத்துக்குள்ளும் அடங்காமல் நழுவிப் போனவர் சிலர் உண்டு. அவர்களிற் பெரும்பாலோர் நம்மைப்போல் ஊர் மாறியவர்கள்.

சென்னை மாநிலம் மருத்துவ இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிட்டதை 1968இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. இரண்டாண்டுகளுக்குப் பின்னர், 1970இல், மற்றொரு வழக்கு. அப்போது மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகப் பேட்டிக்கு 75 மதிப்பெண் இருந்தது. பரீட்சையில் முந்தியவர் பேட்டியில் பிந்துவதும், பிந்தியவர் முந்துவதும் நிகழ்ந்தன. கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்துத் தேர்வு செய்த முறையையும் பேட்டி நடந்த விதத்தையும் நீதிமன்றம் கண்டித்தது. பேட்டி அறைக்கு வெளியே சலவைச் சட்டையுடன் வியர்த்து நின்ற அந்நாளைய இளைஞர் இன்று பாட்டனாராக இருப்பர். உள்ளே என்ன கேட்டார்கள் என்பது அவர்க்கு இன்றும் மறந்திராது.

தமிழ்நாட்டு அரசு 1984இல் தொழிற்கல்விக்குப் பொது நுழைவுத் தேர்வைக் கொணர்ந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணோடு இத்தேர்வின் மதிப்பெண்ணும் கூட்டப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த அத்தேர்வு, நகரத்துப் பயிற்சி வகுப்புகளுக்கே துணை செய்கிறது என்னும் குறை எழுந்து, 2006இல் இயற்றப்பட்ட சட்டத்தால் நீங்கியது. பேட்டி போய் நுழைவுத் தேர்வு வந்தது. நுழைவுத் தேர்வு போய்ப் பள்ளி மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. பின்னர் மருத்துவத்துக்கு நாடு முழுவதற்குமான தேர்வு வந்தது. ஒவ்வொன்றும் முந்தையதன் குறையைத் தீர்க்க வந்ததே; ஒவ்வொன்றும் வேறொரு சாராருக்கு இடர் செய்ததும் உண்மையே.

நுழைவுத் தேர்வு தொடங்கிய அந்த 1984ஆம் ஆண்டிலேயே குடிபெயர்ந்தோருக்கு ஒரு நற்செய்தி வந்தது. மருத்துவக் கல்லூரி இடங்கள் முழுவதையும் உள்ளூர் வாசிகளுக்கே ஒதுக்குவது அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிபதி பகவதி தீர்ப்பளித்தார். இந்தியா முழுவதற்கும் ஒரே குடியுரிமைதான், மாநிலத்துக்கு மாநிலம் வேறு குடியுரிமை கிடையாது என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. அதன் விளைவாக, அரசு மருத்துவக் கல்லூரிகளின் 15 விழுக்காடு இடங்களை அகில இந்தியப் பங்காகத் தருவதென நிலைபெற்று, 1988 முதல் அதற்கெனத் தேர்வு நடந்தது.

அகில இந்தியத் தேர்வின் கதை பிற்காலத்தில் கொந்தளிப்பானது. 2013இல் நீட் முதன்முறை நடந்தது. அவ்வாண்டு ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 2016 ஏப்ரலில் அத்தீர்ப்பைத் தானே திரும்பப் பெற்றது. 2017 முதல் தமிழ்நாட்டு அரசு இடங்களுக்கும் நீட் வந்தது. பள்ளித் தேர்வில் 1200க்கு 1176 பெற்றும் மருத்துவ இடம் எட்டாத அரியலூர் மாவட்டத்து அனிதா, உச்ச நீதிமன்றம் வரை சென்றும் பயனின்றி, அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் உயிர் துறந்தார். அச்செய்தி கேட்டுத் தில்லியிலும் பம்பாயிலும் இருந்த தமிழர் இல்லங்களும் கலங்கின. 2020இல் தமிழ்நாடு தன் அரசுப் பள்ளி மாணாக்கருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கிச் சட்டம் செய்தது. 2024இல் வினாத்தாள் கசிந்த செய்தியால் தேர்வின் நேர்மையே வழக்குக்கு உள்ளானதும் நேயர்கள் அறிந்ததே.

நீட் தமிழிலும் எழுதலாம். ஆயினும், மாநில மொழி வினாத்தாள் அம்மொழிக்கு உரிய மாநிலங்களின் தேர்வு மையங்களிலேயே வழங்கப்படும் என்பது விதி. ஆகவே தாராவியிலிருந்து தமிழ்வழிப் படித்த பிள்ளை எழுத விரும்பினால், ஊருக்கு ரயிலேறி வரத்தான் வேண்டும்.

இனித் தகரப் பெட்டிக்குத் திரும்புவோம். ஒரே பிள்ளை, ஒரே ஆண்டில், எத்தனை மாநிலத்துப் பிள்ளையாகக் கணிக்கப்படுகிறான் என்பதைக் கண்டால் நகைப்பும் வரும், கவலையும் வரும். தில்லியின் மருத்துவக் கல்லூரிகளில் உள்ளூர்ப் பங்குக்குப் பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளைத் தில்லிப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பிறந்த ஊரைக் கேட்பதில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியொன்றில் படித்த நம் பிள்ளை அங்கே தில்லிப் பிள்ளையே. குடும்பம் யமுனையைத் தாண்டி நொய்டாவுக்கு வீடு மாறி, பள்ளியும் மாறினால், அவன் தில்லிப் பிள்ளை அல்லன். மகாராஷ்டிரத்திலோ, மாநில மருத்துவ இடத்துக்குப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் அங்கேயே தேறியிருப்பதோடு குடியிருப்புச் சான்றும் வேண்டும். தேசியத் தொழில்நுட்பக் கழகங்கள் தம் இடங்களிற் பாதியை உள் மாநிலத்தவர்க்குத் தருகின்றன. அங்கே மாநிலம் என்பது பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாநிலம். மாதுங்காவில் படித்த தஞ்சாவூர்ப் பிள்ளைக்கு நாகபுரி சொந்த ஊர், திருச்சிராப்பள்ளி அயலூர்! ஐ.ஐ.டி.க்களில் மட்டும் இந்தக் கேள்வியே எழுவதில்லை.

தமிழ்நாடோ, வெளியே படித்த தன் பிள்ளையை முற்றும் கைவிடவில்லை. தாலுகா அலுவலகத்தில் பிறப்பிடச் சான்றிதழ் பெற்றுவந்தால் பொறியியற் கலந்தாய்வில் இடமுண்டு. சான்றிதழுக்குப் பெற்றோர் தமிழ்நாட்டவர் என்பதற்கு ஆதாரம் வேண்டும். பழைய வரி ரசீதும் தாத்தாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகமும் பயன்படும் நேரம் அதுவே. ஊர் வீட்டை விற்றபோது காகிதங்களையும் கழித்துவிட்டவர் படும் பாட்டை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

சாதிச் சான்றிதழின் நிலை இதனினும் சிக்கலானது. ஒரு மாநிலத்தில் பட்டியலினத்தவராக அறியப்பட்டவர், வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டை உரிமையாகக் கோர முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்ற அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. ஆந்திரத்தினின்று பம்பாய்க்கு வந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவரின் மருத்துவக் கல்லூரி அனுமதி பற்றிய வழக்கு அது. இழிவு எல்லையோடு நிற்பதில்லை, சலுகை மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறதே என்று இதனால் பாதிக்கப்பட்டோர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் கல்வி நிலையங்களில் இத்தடை இல்லை. அங்கே சொந்த மாநிலத்துப் பட்டியல்படியான உரிமை செல்லும். பிற பிற்பட்டோருக்கு மட்டும் மத்தியப் பட்டியலில் பெயர் இருத்தல் வேண்டும், மாநிலப் பட்டியல் போதாது. இவ்விரு பட்டியல்களும் ஒன்றே என எண்ணிக் கடைசி நாளில் திகைத்தவர் பலர்.

கலை, அறிவியல், வணிகப் படிப்புகளின் வாயிலும் மாறிவிட்டது. தில்லிப் பல்கலைக் கழகத்தில் நெடுங்காலம் பள்ளி மதிப்பெண்ணே அளவு. 2011இல் ஸ்ரீராம் வணிகக் கல்லூரி, பள்ளியில் வணிகம் படியாதவர்க்கு நூற்றுக்கு நூறு என்று வரம்பு விதித்தபோது நாடே வியந்தது. மாநிலத்துக்கு மாநிலம் மதிப்பெண் வழங்கும் தாராளம் வேறுபட்டமையால், ஒரு வாரியத்துப் பிள்ளைகள் ஓராண்டில் பெருகுவதும் மறு ஆண்டில் குறைவதுமாக இருந்தது. 2022 முதல் மத்தியப் பல்கலைக் கழகங்களுக்குப் பொது நுழைவுத் தேர்வு வந்தது. தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளில் அதை எழுதலாம். பள்ளிக் கல்வி மதிப்பிழந்துவிடும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அவ்வாண்டு ஏப்ரலில் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. தமிழகத்து உறவினர் அதை எதிர்ப்பதையும், தில்லித் தமிழர் வீட்டில் அதற்கே பிள்ளை இரவெல்லாம் விழித்துப் படிப்பதையும் ஒரே தொலைபேசி உரையாடலில் கேட்க நேர்கிறது. இரண்டிலும் உண்மை உண்டு. வாரியங்களுக்கிடையே இருந்த மதிப்பெண் வேற்றுமையை அத்தேர்வு போக்கியது. பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்ட இயலாத வீட்டின் குறையை அது போக்கவில்லை.

1955இல் எழுந்த கேள்வி இன்னும் ஓயவில்லை. 2025 ஜனவரியில், மருத்துவ முதுநிலைப் படிப்பில் வசிப்பிடத்தைக் கொண்டு இடம் ஒதுக்குவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது, எம்.பி.பி.எஸ். படிப்பில் ஓரளவுக்கு அது செல்லும் என்றும் விளக்கியது. ஆகவே இளநிலைப் படிப்புக்குப் போகும் பிள்ளை எந்த மாநிலத்தவன் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு இன்னும் வீட்டாருடையதே. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் படிப்பது என்பதைப் பத்தாம் வகுப்பு முடியுமுன்னரே தீர்மானித்துக்கொள்க. பிறப்பிடச் சான்றிதழுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும்போதே விண்ணப்பித்துவிடுக. தாசில்தார் அலுவலகத்தில் ஜூன் மாதம் கூட்டம் மிகுதி.